டிரெய்லர் அண்ணாச்சியின் ஸ்டெப்னி

மார்த்தாண்டத்தில் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடிச் செருப்புத் தேய்ந்தவர்கள்கூட, டிரெய்லர் அண்ணாச்சி டயர் தேடிய அளவுக்கு அலைந்திருக்க மாட்டார்கள். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு என்பது எங்கள் தெருவில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கு மட்டும்தான் தெரியும்.

வளைகுடாவில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். வந்ததும் ஒரு பழைய கார் வாங்கி, அதன் பின்னால் மாட்டி இழுக்க இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றும் செய்துகொண்டார். கல்யாண வீடுகளுக்குச் சமையல் உருளியும் நாற்காலியும் ஏற்றிப்போவது தொழில் என்று நாங்கள் நினைத்தோம். அவருடைய உண்மையான தொழில் அந்த இரண்டு டயர்களை வளர்ப்பது.

டயர் கடைக்குப் போனால் விலை கேட்க மாட்டார். பூதக்கண்ணாடியோடு குத்தவைத்து, டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு எண்களைப் படிப்பார். எந்த வருடம், எத்தனையாவது வாரம் தயாரானது என்பது அதில் இருக்கும். இரண்டும் ஒரே வாரமாக இருக்க வேண்டும். பிறகு பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, கெட்டியாக இருக்கிறதா என்று பார்ப்பார்.

“அண்ணாச்சி, டயர் வாங்க வந்தியளா, பொருத்தம் பாக்க வந்தியளா?” என்றார் கடைக்காரர்.

“ஏலே, ஒண்ணு மூத்தது, ஒண்ணு எளையதுன்னா மூத்தது முன்னாலயே போய்ச் சேரும். அப்பம் நீ வந்து தள்ளுவியா?”

தக்கலை, நாகர்கோவில் எல்லாம் சலித்து, கடைசியில் கன்னியாகுமரியில் ஒரு கடையில் ஸ்டெப்னியும் சேர்த்து மூன்று டயர்கள் ஒரே வாரத்தில் பிறந்தவையாகக் கிடைத்தன. அன்று தெருவுக்கே பழப்பாயசம் கொடுத்தார்.

காற்றைக் காலையில், சக்கரம் ஒரு அடி உருள்வதற்கு முன்னால்தான் பார்ப்பார். ஓடிச் சூடான பிறகு பார்த்தால் காற்று பொய் சொல்லுமாம். வெயில் பட்டு ரப்பர் வெடிக்காமலிருக்க இரண்டு சக்கரத்துக்கும் அண்ணாச்சி மனைவியின் சேலை.

“எனக்கு இதுவரைக்கும் வெயிலுக்கு ஒரு கொடை வாங்கித் தந்திருக்காரா கேளு. டயருக்குச் சேல கெட்டி விட்டிருக்காரு!” என்று அந்த அம்மா சத்தம் போட்டுத் தெருவைக் கூட்டுவார்.

ஒரே இடத்தில் நின்றாலும் டயர் கெட்டுப்போகும் என்பதால், வேலை இல்லாத வாரங்களில் வெறும் டிரெய்லரைக் குழித்துறை வரை இழுத்துக்கொண்டு போய்வருவார்.

“அண்ணாச்சி, டிரெய்லர்ல என்ன?”

“ஒண்ணும் இல்ல.”

“பின்ன எங்க போறிய?”

“சும்மா, காலாறக் கூட்டிட்டுப் போறேன்.”

போன வருடம் ரப்பர் தளிர்விட்டு, அந்தத் தளிரில் தேன் ஊறும் சமயம். தேனீ வளர்க்கிற எங்கள் அத்தான், தன்னுடைய முப்பது பெட்டிகளையும் சிதறாலுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. என் அக்கா வீட்டின் சாப்பாடே அந்தப் பெட்டிகளில்தான் இருக்கிறது. வாசலை அடைத்த பெட்டிகளை வெயில் ஏறும் முன் கொண்டுபோய்த் திறந்துவிட வேண்டும். தாமதமானால் தேனடை உருகி, தேனீக்கள் உள்ளேயே செத்துவிடும். அதிகாலையில் வந்த டெம்போக்காரர் பெட்டிக்குள் எழுந்த ரீங்காரத்தைக் கேட்டதும் வந்த வழியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினேன்.

முதலில் காற்றுப் பார்த்தார். பிறகுதான் வந்தார். பெட்டிகளை ஏற்றிக் கிளம்பினால், கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை இறங்கி, காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையால் டயர்களைத் தொட்டுப் பார்ப்பார். “சொகமா இருக்கு” என்று சொல்லி ஏறிக்கொள்வார். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மார்த்தாண்டம் ஜங்ஷனின் நட்டநடுவிலும் அண்ணாச்சி இறங்கிவிட்டார். போலீஸ்காரர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

“நடு ரோட்டுல என்னவே ஏத்திட்டு நிக்கீரு?”

“தேனீயாக்கும் சார். முப்பது பெட்டி.”

அவர் நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார்.

சிதறால் மலையடியில் திரும்பும்போது பட்டென்று ஒரு சத்தம். அண்ணாச்சி பதறி இறங்கி, டிரெய்லர் டயர்கள் இரண்டையும் தடவினார்.

“ரெண்டும் நல்லா இருக்கு மக்கா!” என்று முகமெல்லாம் சிரிப்பு.

வெடித்தது காரின் பின்டயர். அது தேய்ந்து மொட்டையாகிப் பல காலம் ஆகியிருந்தது. அதை யாரும் குனிந்து பார்த்ததில்லை, அண்ணாச்சி உட்பட.

“காரோட ஸ்டெப்னி எங்க அண்ணாச்சி?”

“பஞ்சர் ஒட்டக் குடுத்தேன். கடையில கெடக்கு.”

“எப்பம் குடுத்தது?”

“போன ஓணத்துக்கு.”

வெயில் பெட்டிகளின் மேல் விழ ஆரம்பித்திருந்தது. டிரெய்லரில் சேலை சுற்றிய ஸ்டெப்னி, தரையே தொடாமல், ஜம்மென்று இருந்தது. காருக்கும் டிரெய்லருக்கும் ஒரே அளவு சக்கரம்தான். நான் அதைப் பார்த்தேன். அண்ணாச்சி குறுக்கே வந்து நின்றார்.

“அது பாரம் ஏத்த மட்டும் உள்ளதாக்கும். கார்ல போடப்பிடாது. அதுக்குப் பின்னால வரத்தான் தெரியும்.”

“பின்சக்கரந்தான அண்ணாச்சி! இங்கயும் பின்னாலதான வரப்போவுது?”

அவர் அசையவில்லை. அத்தான் எங்கள் சண்டையைக் கவனிக்கவே இல்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் துண்டை நனைத்து ஒவ்வொரு பெட்டியாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அதைப் பார்த்தார். பக்கத்தில் போய் ஒரு பெட்டியில் காதை வைத்தார். உள்ளே ரீங்காரம் கூச்சலாக மாறியிருந்தது.

“எடுலே ஜாக்கிய” என்றார்.

சேலையை அவிழ்த்து, ஸ்டெப்னியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவரே மாட்டினார். மீதி வழி முழுக்க மாட்டுவண்டியின் வேகம்தான். ஆனால் ஒரு இடத்தில்கூட இறங்கித் தொட்டுப் பார்க்கவில்லை.

தோட்டத்தில் வாசல்களைத் திறந்ததும் முப்பது பெட்டியிலிருந்தும் தேனீக்கள் குபுகுபுவென்று வெளியே வந்தன. வந்ததில் ஒன்று நன்றிகெட்டது, நேரே அண்ணாச்சியின் மூக்கில் கொட்டியது. அத்தான் பதறிப்போய்க் கொடுக்கைப் பிடுங்க ஓடினார்.

“போட்டும் தம்பி” என்றார் அண்ணாச்சி, வீங்கிய மூக்கோடு. “உசுரோட இருக்கப் போயித்தான கொட்டுது?”

அத்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

நான் இன்றும் அண்ணாச்சியைக் கிண்டல் செய்துகொண்டுதான் இருக்கிறேன். வேறு யாராவது செய்தால் மட்டும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிடுகிறது.