அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்த மூச்சு

வில்யாண்டி, எஸ்தோனியா
மார்ச், பனி உருகாத ஒரு ஞாயிறு

அன்புள்ள விர்வே அத்தைக்கு,

கெர்ட்டு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பின்லாந்தில் நீங்களும் மாமாவும், குறிப்பாக மாமாவின் முழங்காலும், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா கொடுத்த கறுப்பு ரொட்டியோடு உங்கள் கோடு போட்ட பாவாடையையும் அனுப்புகிறேன். கோடையில் தாலின் பாட்டுவிழா மேடையில் நான் உடுத்தி நிற்க வேண்டும் என்று நீங்கள் ஆசையாகக் கொடுத்ததுதான். இனி அதற்கு என்னிடம் வேலையில்லை. நேற்று எங்கள் பாட்டுக்குழு, விழாவுக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கும் நடுவர்கள் முன்னால் பாடியது.

சென்ற விழாவுக்குத் தேறாமல், புல்மேட்டில் உட்கார்ந்து மற்ற ஊர்க்காரர்கள் பாடுவதைக் கேட்டோமே, நினைவிருக்கும். இந்த முறையும் தேறாவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவதாக, எங்களைப் பாடவைக்கும் ஊர்வே சொல்லியிருந்தார். அதனால் குளிர்காலம் முழுக்கப் பயிற்சி. தோளை உயர்த்தாமல் விலா விரிய மூச்சிழுக்கப் பழகினோம். பாதிப் பாட்டில் ஊர்வே கையை மூடுவார்; நாங்கள் வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் பாட வேண்டும்; கை திறந்ததும் சுருதி இறங்காமல் அதே இடத்தில் வந்து சேர வேண்டும். அதெல்லாம்கூட வந்துவிட்டது. வராதது கடைசிச் சுரம். அது வெகுநேரம் நீள வேண்டும், கேட்பவர் காதில் எங்கும் அறுபடக் கூடாது. ஆகவே பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும்போது நாம் வாங்கக் கூடாது, ஆளுக்கொரு நேரத்தில் திருட்டுத்தனமாக வாங்கிக்கொள்ள வேண்டும். என் பக்கத்தில் பேக்கரி லெய்டா. அவர் குரலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் நான் பாடுவது வழக்கம். அவர் மூச்சிழுத்தால் கடைசி வரிசை வரை கேட்கும். ஒருநாள் ஊர்வே பாட்டை நிறுத்தி, "லெய்டா, நீங்க இழுக்கிற இழுப்புல ஜன்னல் திரை ஆடுது. மத்தவங்களுக்கும் கொஞ்சம் காத்து மிச்சம் வைங்க," என்றார். "மாவு பிசையறவ மூச்சு அப்படித்தாம்மா இருக்கும்," என்று லெய்டா சிரித்தார், ஆனால் காது வரை சிவந்துவிட்டது. அன்றிலிருந்து மூச்சு வாங்க எல்லோருக்குமே கூச்சம்.

நேற்று பள்ளிக்கூட மண்டபத்தில் நடுவர்கள் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிச் சுரம் வந்தது. லெய்டா முதலில் வாங்கட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் வாங்கட்டும் என்று அவர் காத்திருந்தார். பின்வரிசை ஆண்களும் அப்படியே. நம் ஊர்க்காரர்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே, ‘நீங்கள் முதலில்’, ‘இல்லை, நீங்கள்’ என்று வாசலில் நின்றே பேருந்தைத் தவறவிடுகிறவர்கள். என் காது அடைத்தது, நடுவர் மேசை மங்கலானது, விலா எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, இன்னும் யாரும் வாங்கவில்லை. பிறகு அத்தனை பேருக்கும் ஒரே கணத்தில் மூச்சு தீர்ந்தது. மண்டபத்தில் சத்தமே இல்லை. ஊர்வேயின் கை அந்தரத்தில் நின்றது. அது மெதுவாக மூடியது, பிறகு திறந்தது. நாங்கள் மறுபடி பாடி முடித்தோம். என்ன பாடினோம் என்று எனக்குத் தெரியாது.

ஊர்வே பாட்டுத்தாள்களைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். "நீ வாங்குவேன்னு நினைச்சேன் கெர்ட்டு," என்றார் லெய்டா. நீங்கள் வாங்குவீர்கள் என்று நான் நினைத்தேன் என்றேன். "நாம ரெண்டு பேருமே நல்லவங்கதான். பாடத்தான் லாயக்கில்ல," என்றார் அவர்.

நான் குழுவை விட்டு விலகுகிறேன். வீட்டில் புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன். அதற்கு யாரிடமும் மூச்சுக்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டாம். மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

அன்புடன்,
கெர்ட்டு

பி.கு.: பொட்டலத்தைக் கட்டும்போது லெய்டா காலணியில் ஒட்டிய பனியோடு உள்ளே வந்துவிட்டார். தேறிவிட்டோம். "நடுவர்கள் சொன்னாங்களாம், நடுவுல நிறுத்தினது துணிச்சலாம். நிறுத்திட்டு அதே சுருதியில வந்து நின்னோமே, அது அதைவிடத் துணிச்சலாம். மே மாச ஒத்திகையிலயும் அப்படியே பாடிக் காட்டணுமாம்." குழுவாகக் கூடி மாலை முழுக்க முயன்றோம். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் மூச்சு வாங்கிக் கெடுத்துவிடுகிறார், பெரும்பாலும் நான்தான். ஆகவே ரொட்டி மட்டும் வருகிறது, பாவாடை வராது. உங்களிடம் இருக்கும் அதன் இடுப்புப் பட்டையையும் உடனே அனுப்பி வையுங்கள். நன்றாக இறுக்கிக் கட்டினால்தான் என்னால் மூச்சு வாங்காமல் இருக்க முடியும்.