ஜபல்பூருக்கு வாங்கிய பவுடர்

இந்த ஒரு ரகசியத்தையாவது என் மனைவி விக்டோரியாவிடமிருந்து காப்பாற்றியே தீருவது என்று முடிவெடுத்தேன். இதுவரை நான் மறைத்த எதுவும் மறுநாள் காபி வரைக்கும் தாங்கியதில்லை. ஆனால் இது பையன் கேட்டது. பட்டாளத்தில் லாரி ஓட்டும் ஜோஷ்வா போனில் சொன்னான்: "பனிமலைக்கு அனுப்பறாங்கப்பா. சிக்னல் இருக்காது. அம்மாவுக்குத் தெரிய வேணாம். ஜபல்பூர்லயே இருக்கேன்னு சொல்லு."

எனக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்கும் கம்பெனியில் நிரந்தர நைட் ஷிப்ட். பகலில் தூக்கம் வராது. விரல் உயர உலோகச் சிப்பாய்ப் பொம்மைகளை வாங்கிப் பெயிண்ட் அடிப்பேன். எந்தப் படைக்கு எந்தச் சட்டை, எந்தக் கொடி, எல்லாம் நானே தேடிப் படித்தது. ஆசையாக வாங்கிய பழைய பிரெஞ்சுப் படைக்கொடி இப்போது விக்டோரியாவின் மிக்ஸிக்கு உறை. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூவில்கூட அதற்கு இந்தக் கதி வந்திருக்காது.

ஒரு சிப்பாய்க்கு மட்டும் நம் ராணுவ உடை, மோவாயில் மச்சம். அவன்தான் ஜோஷ்வா. போன் வந்த அன்று அவனை அலமாரியின் மேல்தட்டில் தனியாக நிறுத்தினேன். வாயால் சொல்ல முடியாததைக் கையாவது சொல்லட்டுமே.

"இன்னாய்யா, புள்ளய மட்டும் மேல ஏத்திட்ட?"

"பெயிண்ட் காயணும்."

"ஈஸ்டருக்கு அடிச்ச பெயிண்டு இன்னுமா காயல?"

பேச்சை மாற்றினேன். "ஜபல்பூர்ல வெயில் மண்டையப் பொளக்குதாம் விக்டோரியா!"

"அய்யோ! அப்ப வேர்க்குரு பவுடர் வாங்கி அனுப்பு. பெரிய டப்பாவா."

வாங்கினேன். பனிமலைக்கு வேர்க்குரு பவுடர் அனுப்ப முடியுமா? கம்பெனி லாக்கரில் ஒளித்தேன். வீணாகிறதே என்று தினமும் உலைப் பக்கம் போகுமுன் நானே பூசிக்கொண்டேன்.

அதன்பின் போன் வரவில்லை. அவள் கேட்கும்போதெல்லாம் ஜபல்பூரில் டவர் ரிப்பேர் என்றேன். டவரைச் சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஒருநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்தேன். மேல்தட்டுச் சிப்பாயின் தலையில் குட்டியாக ஒரு கம்பளிக் குல்லாய். நீல நூல். ஜோஷ்வா கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட குல்லாயைப் பிரித்துப் பின்னியது.

"இது இன்னா விக்டோரியா?"

"அம்மாம் மேல நிக்க வெச்சிட்ட. குளுராதா அவனுக்கு?"

குல்லாயை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன்.

"உனக்குச் சொல்றதுக்கு மின்னாடியே எனக்குச் சொல்ட்டான்யா. அப்பா இன்னா பொய் சொன்னாலும் நம்பற மாரியே இரு, இல்லாட்டி ஒடஞ்சி பூடுவாருன்னான்."

இருவரும் அந்தக் குல்லாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் கையிலிருந்த போன் அடிக்கவில்லை.

"அப்ப அந்தப் பவுடர்?"

"கழுத்தெல்லாம் வெந்துகினு வரியே. உனக்குன்னு வாங்கச் சொன்னா வாங்குவியா நீ?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்நேரம் காலியாயிருக்கும். இன்னொரு டப்பா வாங்கிக்கோ, ஜபல்பூருக்கு."