மாமனார் நடித்த படம்

"படம் பாத்தியா தம்பி?" என்று தமிழ்வாணன் கேட்டபோது பூபாலனின் வாய் நிறையக் கேசரி இருந்தது. வாய் காலியாக இருந்திருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பான். கேசரியை வைத்துக்கொண்டு தலையைத்தான் ஆட்ட முடிந்தது. தலை மேலும் கீழுமாக ஆடிவிட்டது.

சனி அங்கேதான் பிடித்தது.

ஆட்டியது முழுப் பொய்யும் இல்லை. படத்துக்குப் போனது உண்மை. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து, நேராகக் காலைக் காட்சிக்குப் போனான். திரையில் ஒரு படகு வந்தது. படகின் மேல் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அது எப்போது பறக்கும் என்று ஐந்து நிமிடம் பொறுமையாகக் காத்திருந்தான். விருது வாங்கிய படங்களில் கதைதான் மெதுவாக நகருமே தவிர, தியேட்டர் ஏசி மெதுவாக ஓடுவதில்லை. அடுத்து அவன் பார்த்தது, துடைப்பமும் கையுமாக நின்று அவன் தோளைத் தட்டிய அம்மாளைத்தான்.

கேளம்பாக்கம் ஷேர் ஆட்டோவில் இரண்டு வருடமாக இடிபட்டு வளர்ந்த காதல். சிநேகா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"எங்கப்பா நடிச்ச படம். மூணு நாட்டுல அவார்டு வாங்கிகீது. பாக்காம எங்க வூட்டுப் பக்கம் வந்துடாத. போன மாசம் ஒரு மாப்பிள்ளை 'படம் ஸ்லோ'ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாரு. கெளம்புங்கன்ட்டாரு."

"நீ பாத்தியா?"

"எனக்கு எங்க லீவு குடுத்தாங்க?"

"அவருக்கு இன்னா ரோல்?"

"முக்கியமான ரோல். அவரே சொல்லுவாரு."

ஆக, பூபாலன் இன்று புதுப்பட்டினம் வந்திருப்பது பெண் கேட்க அல்ல, பரீட்சை எழுத. துணைக்கு வெங்கடேசன் மாமா வேறு. அவர் மூன்றாவது வடையில் இருந்தார்.

தமிழ்வாணன் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் படத்துக்குப் பிறகு தாடி விட்டிருந்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சொல்லு தம்பி. என் நடிப்புல இன்னா புடிச்சுது?"

கேசரி இறங்கிவிட்டது. இனி தப்ப வழியில்லை.

"உங்க கண்ணு சார்! வசனமே வேணாம். கண்ணே பேசிடுச்சு."



"என் கண்ணு மூடிகினு இல்ல இருந்துச்சு?" என்றார் தமிழ்வாணன்.

பூபாலனின் தொடையில் போன் அதிர்ந்தது. உள்ளறையிலிருந்து சிநேகா அனுப்பியிருந்தாள்: "அய்யோ! அப்பாவுக்குப் பொண வேஷம்! கரையில ஒதுங்குற பொணம்! நல்ல காரியம் பேசுறப்ப அந்த வார்த்தை வாணாம்னுதான் நான் சொல்லல!"

நல்ல நேரம் பார்த்துச் சொன்னாள்.

"அதத்தான் சார் சொல்றேன்," என்றான் பூபாலன், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "கண்ணத் தொறந்துகினு எவன் வேணாலும் நடிப்பான். மூடிகினு அவ்ளோ சோகத்தக் காட்டினீங்க பாருங்க!"

தமிழ்வாணனின் முகம் பூவாய் மலர்ந்தது. "கேட்டியா நாயகி?" என்று மனைவியைப் பார்த்தார். கதவோரம் நின்றிருந்த தெய்வநாயகி வடைத் தட்டை மாமா பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் பேசாத மனுஷி.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாராட்டு வேலை செய்கிறது என்று தெரிந்தவன் எங்கே நிறுத்துவான்?

"ரெண்டு நிமிஷம் மூச்சே வுடல சார் நீங்க. தியேட்டரே அழுதுச்சு."

"நாப்பது செகண்டுதான் தம்பி. உனக்கு ரெண்டு நிமிஷமாத் தெரிஞ்சிகீது பாரு, அதுக்குப் பேருதான் நடிப்பு! படம் ஸ்லோவாம். கடலு இன்னா பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸா?"

"இவ்ளோ நல்ல படத்தப் பத்தி வூட்டுல ஒரு வார்த்தை கூடச் சொல்லலியேடா," என்றார் வெங்கடேசன் மாமா, வடையை முழுங்கிவிட்டு. "நைட் ஷிஃப்ட்டு முடிச்சு, படமும் பாத்துட்டு வந்தவன் நாஸ்தா துன்னுட்டு, தூங்கவும் இல்லாம ஃப்ரெஷ்ஷா உக்காந்துகினு இருந்தான் சார்."

"மனசு பாரமாயிடுச்சு மாமா. வார்த்தையே வரல," என்றான் பூபாலன், பல்லைக் கடித்துக்கொண்டு.

தமிழ்வாணன் தாடியைத் தடவினார். முப்பது வருடம் கம்பத்தில் ஏறி, எங்கே கொக்கி போட்டு மின்சாரம் திருடுகிறார்கள் என்று கண்டுபிடித்த கண் அது.

"அது கெடக்கட்டும் தம்பி. என் மூஞ்சி மேல ஒரு நண்டு ஏறுச்சே, அது எந்தக் கன்னம்?"

பாதிக்குப் பாதி வாய்ப்பு. பூபாலன் கர்த்தரையும் கங்கையம்மனையும் ஒருசேர வேண்டிக்கொண்டான்.

"இடது கன்னம் சார்."

"நண்டே ஏறல."

மாமா மெல்லுவதை நிறுத்தினார். உள்ளறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

"ஈ மொய்ச்சுது. டைரக்டரு வெல்லம் தடவி வுட்டாரு," என்று தமிழ்வாணன் எழுந்தார். "நீ படமே பாக்கல!"

"பாக்கப் போனேன் சார். நைட் ஷிஃப்ட்டு... தூங்கிட்டேன்." பூபாலன் நாற்காலியை விட்டு எழுந்தான். சிநேகா வாசற்படியில் வந்து நின்று அழுதுகொண்டிருந்தாள். "தப்புதான் சார். சிநேகாவ நல்லாப் பாத்துப்பேன். அதுல மட்டும் பொய்யில்ல."

"என் நடிப்பப் பாத்துத் தூங்கினவன் என் பொண்ண எப்பிடிடா பாத்துப்ப? கொண்டாந்த பூத்தட்ட எடுத்துகினு கெளம்பு!" தமிழ்வாணனின் குரல் தெருமுனை வரை போயிருக்கும். "தியேட்டர்ல என்னப் பாத்து எனக்கே கண்ணு கலங்கிடுச்சுடா! பக்கத்துலயே உக்காந்திருந்தாளே, கேட்டுப் பாரு. நாயகி, நீயே சொல்லு!"

தெய்வநாயகி மகளின் முகத்தை ஒருமுறை பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"மாப்பிள்ளைய இன்னாத்துக்குங்க வெரட்டுறீங்க? நீங்களுந்தான் டைட்டில் முடியறதுக்குள்ள கொறட்டை வுட்டீங்க, நான்தான் கடைசி வரைக்கும் கண்ணக் கொட்டாமத் தேடினேன், அந்தப் படத்துல நீங்க இல்லவே இல்ல!"