வாய்பூட்டி ஏறிய மலை

மலையாற்றூர் மலையின் முதல் பாறையிலேயே ஒரு தடியன் பைலியின் வெறுங்காலை மிதித்துவிட்டான். அவன் தோளில் இருந்த மரச்சிலுவையின் பாரமும் சேர்ந்து பைலியின் சுண்டுவிரலில்தான் இறங்கியது.

பைலி வாயைத் திறக்கவில்லை.

முனம்பம் மீன்துறையில் ஏலம் கூறுபவர் பைலி. அவர் குரல் எடுத்தால் அக்கரையில் காக்கை எழும்பும். அப்படிப்பட்டவர், ஏறி இறங்கும்வரை ஒரு சொல்கூடப் பேசுவதில்லை என்று மலைக்கோயில் புனிதர் தோமையாருக்கு நேர்ந்திருந்தார். மலை ஏறுவது மட்டும்தான் மனைவிக்குத் தெரியும்; பேசாமல் ஏறுவதை அவளிடம்கூடச் சொல்லவில்லை.

காரணம் இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியானச் சாப்பாடு. அங்கமாலியில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் மருமகன் சிஜோவைப் பார்த்து, "கோழி வெட்டுறவனுக்கு மகளைக் குடுத்ததுக்குக் கோழிக்கே குடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். மகள் ஜின்ஸி பாதிச் சோற்றில் எழுந்து போனவள்தான். அப்புறம் வாசல் மிதிக்கவில்லை. வாய் செய்த பாவத்துக்கு வாயே தண்டனை அனுபவிக்கட்டும், இந்த ஈஸ்டருக்கு அவள் வீட்டுக்கு வந்தால் போதும் என்பதுதான் வேண்டுதல்.

"விரல் நோகுதா சேட்டா?" பின்னால் வந்த பிலோமினா டீச்சர் கேட்டார். பணி ஓய்வு பெற்றவர். இருபது பேர் கொண்ட ஜெபக்கூட்டத்தை மலைக்கு நடத்திக்கொண்டு வந்திருந்தார்.

பைலி வாயைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

"அய்யோ பாவம், பேச முடியாதவர்."

இல்லை என்று பைலி வேகமாகத் தலையை ஆட்டினார். டீச்சர் பையிலிருந்து பேனாவும் காகிதமும் எடுத்துக் கொடுத்தார். கண்ணாடி இல்லாத பைலி தட்டுத்தடுமாறி 'நேர்ச்சை' என்று எழுதினார்.

டீச்சர் வாங்கிப் படித்துவிட்டுக் கண் கலங்கினார். "பேச்சு வரணும்னு நேர்ச்சையாம். எல்லாரும் இங்க வாங்க."

இருபது கைகள் பைலியின் தலையில் விழுந்தன. சிலுவைப்பாதையின் அடுத்த நிலையில் டீச்சர் இன்னொருவரையும் பிடித்துக்கொண்டு வந்தார். நரைத்த மீசைக்காரர், கையில் ஒரு சின்னச் சிலுவை. எது கேட்டாலும் உதட்டைத் தொட்டுக் கையை விரித்தார்.

"இவரும் ஊமைதான். ரெண்டு பேரும் துணைக்குத் துணையா வாங்க."

மீசைக்காரர் பைலியின் கையைப் பிடித்துக்கொண்டார். வழுக்குப் பாறை வந்தால் கால் வைக்க இடம் காட்டினார். பைலியும் சைகையிலேயே நன்றி சொன்னார்.

ஏழாம் நிலையில் போன் அடித்தது. ஜின்ஸி. இரண்டு வருஷத்துக்குப் பிறகு. பைலியின் விரல் தானாகவே பொத்தானை அமுக்கிவிட்டது.

"அப்பச்சா, எனக்காக மலை ஏறுறீங்கன்னு அம்மச்சி சொன்னாங்க."

பைலி மூச்சு விட்டார். அது மட்டும்தான் அவரால் முடிந்தது.

"அப்பச்சா? ... இப்பவும் கோவம்தானா? ஒரு வார்த்தை பேச மாட்டீங்களா? சரி."

போனை வைத்துவிட்டாள். பைலி பதறிப்போய் போனை டீச்சரிடம் நீட்டி, வாயைக் காட்டி, போனைக் காட்டிக் கும்பிட்டார்.

"புரியுது சேட்டா, நான் பேசுறேன்." டீச்சர் திரும்ப அழைத்தார். "மோளே, நான் பிலோமினா டீச்சர். இந்த போன் வச்சிருக்கிறவர் பிறவி ஊமை. அதனாலதான் பதில் சொல்லலை."

மறுமுனைக் குரல் கூட்டம் முழுவதற்கும் கேட்டது. "எங்க அப்பச்சனா ஊமை? அவர் தும்மினாலே தெரு முழுக்கக் கேட்கும். டீச்சரே, அவன் போன் திருடன். விட்டுடாதீங்க. நானும் சிஜோவும் இதோ அடிவாரத்துக்கு வர்றோம்."

இருபது பேரும் பைலியைப் பார்த்தார்கள். டீச்சர் போனைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"திருடினாலும் தோமையாருக்குப் பிள்ளைதான். ஜெபத்தை ரெட்டிப்பாக்குங்க. நாக்கு அவிழணும், திருடுற விரல் மடங்கணும்."

ஒரு சொல் போதும், மானம் தப்பிக்கும். அது பைலியின் தொண்டைவரை வந்தது. துண்டின் நுனியை வாயில் அடைத்துக் கடித்துக்கொண்டு அடுத்த பாறையில் கால் வைத்தார். மீசைக்காரர் மட்டும் கூட்டத்தைப் பார்த்து, இவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று தலையை ஆட்டினார். தன் ஆரஞ்சில் பாதியை உரித்து பைலியின் கையில் வைத்தார்.

உச்சியில் பொற்சிலுவைக்கு முன்னால் பைலி மண்டியிட்டார். வீட்டிலிருந்தே மனப்பாடம் செய்து வந்த வேண்டுதல் நாக்குக்கு அடியில் தயாராக இருந்தது. பக்கத்தில் மீசைக்காரரின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. கன்னமெல்லாம் கண்ணீர்.

மூன்று மணி நேரம் பேசாததற்கே எனக்கு இந்தக் கதி. இந்த மனுஷன் அறுபது வருஷமாக இப்படித்தானே என்று நினைத்தார் பைலி. அவர் வேண்டுதல் அங்கேயே தடம் மாறியது. 'தோமையாரே, ஜின்ஸி வரலேன்னா அது நான் விதைச்சது. அதை விடு. இவருக்குப் பேச்சைக் குடு.'

இறங்கும்போது மனசு லேசாக இருந்தது. கால்தான் வலித்தது.

அடிவாரத்தில் ஜின்ஸி ஓடி வந்தாள். டீச்சர் பைலியைச் சுட்டிக் காட்டினார். "இவர்தான் மோளே அந்தத்..."

"டீச்சரே, இது என் அப்பச்சன்." ஜின்ஸி அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "என்ன ஆச்சு அப்பச்சா? நாக்கு இழுத்துக்கிச்சா? ஏதாவது சொல்லுங்க."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி எடுக்க சிஜோ அதற்குள் திரும்பி ஓடத் தொடங்கியிருந்தான்.

பைலி கடைசிப் பாறையிலிருந்து மண்ணில் இறங்கினார். துறைமுகக் குரல் வெளியே வந்தது.

"சிஜோ மோனே, நில்லு. நான் அன்னிக்குப் பேசினது தப்பு. மன்னிச்சிடு."

"ஊமை பேசிட்டார்" என்று யாரோ கூவ, டீச்சர் மண்ணில் மண்டியிட்டார். சனம் நாலா பக்கத்திலிருந்தும் ஓடி வந்தது.

"நான் ஊமை இல்லை. நேர்ச்சைக்காகப் பேசாம இருந்தேன்" என்று பைலி கத்தினார்.

"ஆமா, நேர்ச்சை பலிச்சுது" என்று கூட்டம் திருப்பிக் கத்தியது. அவர் ஆயுளில் முதல் முறையாக அவர் குரல் எடுபடவில்லை. சிஜோ திரும்பி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டான். ஈஸ்டருக்கு வருவதாக ஜின்ஸி சொன்னது பைலியின் காதில் விழுந்தது. ஆனால் அவர் கண் மீசைக்காரரைத் தேடியது. அவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பைலி போய் அவர் கையைப் பற்றி, வானத்தைக் காட்டி, அவர் வாயைக் காட்டி, 'உனக்காகத்தான் கேட்டேன்' என்று சைகையில் சொல்லித் தலைகுனிந்தார்.

மீசைக்காரர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவர் காதருகே குனிந்தார்.

"சேட்டனும் நேர்ச்சைதானா? நான் என் காரியத்தை விட்டுட்டு உங்களுக்குப் பேச்சு வரணும்னுல்ல மேல அழுதுட்டு வந்தேன்."