அர்பாபுக்குத் தெர்மல் கொண்டுபோன கதை

வேலை ரொம்பச் சின்னது. துபாய் தேராவுல ஒரு கடைக்குப் போய் ஒரு பெட்டியை வாங்கணும். அல் மதாம் தாண்டி பாலைவனத்துல இருக்குற எங்க முதலாளியோட ஒட்டகப் பண்ணையில கொண்டுபோய்க் கொடுக்கணும். அவ்வளவுதான்.

முதலாளியை நாங்க அர்பாப்னு கூப்பிடுவோம். இங்க பாதிப்பேர் அவங்கவங்க முதலாளியை அப்படித்தான் கூப்பிடுறது. நான் அவர் கம்பெனியில பர்சேஸ் பாக்குறேன். சிமெண்ட், பைப், ஸ்க்ரூன்னு வாங்குறவனுக்கு லீவு நாள் மத்தியானம் போன் வந்துச்சு.

"சரவான், வர்தாவைக் காணோம்."

என் பேரு சரவணன். அதைத் திருத்துறதை நான் எப்பவோ விட்டுட்டேன்.

வர்தாங்கிறது அவரோட செல்ல ஒட்டகம். நிறைமாசம். குட்டி போடுற நேரம் நெருங்குனா ஒட்டகம் தனியா இடம் தேடிப் போயிடுமாம். காலையில வேலி திறந்திருக்கு, கிளம்பிப் போயிடுச்சு.

"போன தடவை குட்டி தங்கல. இந்தத் தடவை பக்கத்துல ஆள் இருக்கணும்" அப்படின்னாரு. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. "நான் சொல்லி வச்சிருந்த தெர்மல் கடைக்கு வந்துடுச்சாம். வாங்கிட்டு வா. ஜல்தி."

தெர்மல்னா உள்ளங்கையில அடங்குற ஒரு ஒத்தைக் கண் தொலைநோக்கி. இருட்டுல வெளிச்சத்தைப் பாக்காது, சூட்டைப் பாக்கும். உயிருள்ளது எது இருந்தாலும் பளிச்சுன்னு தெரியும். வேட்டைக்காரங்களுக்குன்னு செய்யுறது. பெட்டி மேலயே காட்டுப்பன்னி படம் போட்டிருக்கும். இந்த ஊர்ல வேட்டையெல்லாம் நினைச்ச மாதிரி ஆட முடியாது. அதனால அர்பாப் ஒட்டகம் தேட வாங்குறாரு.

அன்னைக்கு சாயங்காலம் என் பொண்டாட்டி காயத்ரியை வெளிய சாப்பிடக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருந்தேன். போய் நைசா கேட்டேன்.

"காயத்ரி, பாலைவனத்துல அப்படியே ஒரு லாங் டிரைவ் போலாமா?"

"அர்பாப் என்ன வாங்கிட்டு வரச் சொன்னாரு?" அப்படின்னா.

இந்தப் பொம்பளைகிட்ட நான் எதையும் மறைச்சு ஜெயிச்சது கிடையாது.

கடையில ஷாஜின்னு ஒரு மலையாளி. நல்ல மனுஷன். பெட்டியைப் பிரிச்சு, என் கண்ணுல வச்சு, கடையைச் சுத்திக் காட்டினாரு. எல்லாரும் வெள்ளைவெளேர்னு பேய் மாதிரி நிக்கிறாங்க. டீ கிளாஸ் ட்யூப்லைட் மாதிரி எரியுது. ஏசிக்குக் கீழ இருக்குற செவுரு கருப்பு.

"வெள்ளைன்னா சூடு, கருப்புன்னா குளிர்ச்சி. மனசிலாச்சா?"

"ஆச்சு."

"இந்தப் பட்டன் ஒரு தடவை அமுக்குனா…"

"தெரியும், தெரியும்" அப்படின்னேன். எனக்குத் தெரியாது. வெளிய கார் நிறுத்தக்கூடாத இடத்துல நின்னுக்கிட்டு இருந்துச்சு, என் நினைப்பெல்லாம் அங்க.

காயத்ரி மட்டும், "முழுசாக் கேட்டுட்டு வாங்களேன்"னா. நான் ஏற்கனவே வாசப்படியில.

தார் ரோடு முடியுற இடத்துக்குப் போய்ச் சேரும்போது சூரியன் மறைஞ்சுடுச்சு. அர்பாப் தெளிவாச் சொல்லியிருந்தாரு. "அங்கயே நில்லு. உள்ள வராத. உன் காருக்கு மணல் ஆகாது. நான் ஆள் அனுப்புறேன்."

போன் போட்டேன். எடுக்கல. மறுபடி போட்டேன். எடுக்கல. எல்லாரும் ஒட்டகம் தேடுறதுல இருந்திருக்காங்க.

"நிக்கலாங்க"ன்னா காயத்ரி.

"அவசரம்மா. பாவம் அந்த ஒட்டகம். டயர்த் தடம் தெரியுது பாரு, அது மேலயே போயிடலாம்."

கொஞ்ச தூரம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் கார் ஒரு பக்கமா உக்காந்துச்சு. நான் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, கடையில போடுற சோபாவுல உக்காந்த மாதிரி இன்னும் வசதியா உக்காந்துச்சு. போன்ல சிக்னலும் போயிடுச்சு.

காயத்ரி திட்டுனா எனக்குப் பயமில்ல. அவ தண்ணி பாட்டிலைத் திறந்து நிதானமாக் குடிச்சா பாருங்க, அதுக்குத்தான் பயம்.

"இருக்கட்டும். நம்மகிட்ட தெர்மல் இருக்கு"ன்னு சொல்லி, பெட்டியைத் திறந்து, கண்ணுல வச்சு முன்னாடி பாத்தேன்.

சட்டுனு கார்க் கதவையெல்லாம் லாக் பண்ணேன்.

"காயத்ரி, அசையாத. காருக்கு முன்னாடி ரெண்டு உருவம் நிக்குது."

"எங்க?"

"நேரா. மங்கலா, வெள்ளையா. நம்மளையே பாக்குது. அதுல ஒருத்தன் நல்லா குண்டு. முகத்துல எதையோ பிடிச்சிருக்கான்."

காயத்ரி கொஞ்ச நேரம் முன்னாடி பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. "கையைத் தூக்குங்க."

தூக்குனேன். குண்டனும் தூக்குனான்.

தெர்மலால கார்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாக்க முடியாதாம். கண்ணாடியில நம்ம சூடுதான் திரும்பி வந்து தெரியுமாம். இதைத்தான் ஷாஜி அடுத்துச் சொல்ல வந்திருப்பாரு.

சரின்னு வெளிய இறங்குனோம். சுத்திப் பாத்தேன். வலது பக்கம் மேட்டுல நாலஞ்சு பேர் வட்டமா உக்காந்திருக்காங்க. நல்ல வெள்ளை. பண்ணை ஆளுங்கதான்.

"டார்ச் அடிக்கவா?"ன்னு போனை எடுத்தா காயத்ரி.

"எதுக்கு? தெர்மல்ல பகல் மாதிரி தெரியுது. என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு வா."

மணல்ல கால் புதையப் புதைய நடந்தோம். கிட்டப் போனதும் மரியாதையா, "அஸ்ஸலாமு அலைக்கும்"னு குரல் கொடுத்தேன். பதில் இல்ல. இன்னும் சத்தமாச் சொன்னேன். ஹிந்தியில, "பாய், காடி ஃபஸ் கயா"ன்னு கார் மாட்டுன விவரத்தையும் சொன்னேன். ஒருத்தனும் திரும்பல.

காயத்ரி என்னைத் தாண்டிப் போய், அதுல ஒருத்தர் மேல உக்காந்தா.

"கல்லுங்க. பகல்லாம் வெயில்ல காஞ்சிருக்கு. கதகதன்னு நல்லா இருக்கு, வந்து உக்காருங்க."

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. தெர்மலை ரெண்டு தட்டு தட்டி, கைக்குச் சிக்குன பட்டனையெல்லாம் அமுக்குனேன். மறுபடி பாத்தா ஆகாயம் முழுக்க வெள்ளை. மேட்டுக்கு அந்தப் பக்கம் சரிவுல மட்டும் ஒரு பெரிய கருப்பு.

"அங்க ஒரு பெரிய பாறை இருக்கு. கருப்பா இருக்கு, அப்ப அது ஆறிப்போன பாறை. அது மேல ஏறி நின்னா போன் சிக்னல் கிடைக்கும்."

"இது மட்டும் சூடா இருக்கு, அது எப்படிங்க ஆறும்?"

நியாயமான கேள்வி. ஆனா நான் நடக்க ஆரம்பிச்சுட்டேன். தெர்மல் வச்சிருக்குறவன்கிட்ட தெர்மல் இல்லாதவங்க கேள்வி கேட்டா அப்படித்தான்.

கிட்டப் போய், கண்ணுலேருந்து தெர்மலை எடுக்காமலே, போனை உயரத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, பாறை மேல ஒரு காலை வச்சேன்.

பாறை மெத்துன்னு இருந்துச்சு. அப்புறம் பாறை கத்துச்சு.

அந்தச் சத்தத்தை எழுத்துல எழுத முடியாது. லாரி ஸ்டார்ட் ஆகாம இழுக்குமே, அது கோபப்பட்டா எப்படி இருக்கும், அப்படி. நான் பின்னாடி விழுந்து, சரிவுல உருண்டு, எங்கயோ போய் நின்னேன். தெர்மலை மட்டும் நெஞ்சோட அணைச்சிருந்தேன். பர்சேஸ் புத்தி. நான் அமுக்குன பட்டன்ல வெள்ளையும் கருப்பும் இடம் மாறிடுச்சாம்; இப்பக் கருப்புதான் சூடு.

மேல டார்ச் வெளிச்சம் வந்துச்சு. காயத்ரி தள்ளி நின்னு அடிச்சா.

"ஏங்க," அப்படின்னா. குரல்ல கிண்டலே இல்ல. "இது வர்தா. குட்டியோட கால் வெளிய தெரியுது. ஒரு கால்தான் தெரியுது. முக்கி முக்கிப் பாக்குது, வரல."

காயத்ரிக்கு முதல் பிரசவம் ரொம்பச் சிரமமாப் போச்சு. அந்த ராத்திரி ஷார்ஜா ஆஸ்பத்திரி வராண்டாவுல நான் நின்ன நிலைமை எனக்குத்தான் தெரியும். எந்திரிச்சு, மணல்ல விழுந்த போனைப் பொறுக்கிக்கிட்டு மேட்டோட உச்சிக்கு ஓடுனேன். அங்க சிக்னல் ஒரு கோடு இருந்துச்சு. இந்தத் தடவை அர்பாப் எடுத்தாரு.

"அர்பாப், வர்தா இங்க இருக்கா. ஒரு கால்தான் வருது" அப்படின்னேன். லொகேஷன் அனுப்புனேன்.

அவர் லேண்ட் க்ரூசர் அந்த மணல்ல வந்த வேகத்தை நான் எங்கயும் பாத்ததில்ல. கூட ஒட்டகம் பாக்குற பலூசிஸ்தான்காரர் குலாம் பாய். ரெண்டு பேரும் கந்தூரா அங்கியையும் கைலியையும் மடிச்சுக் கட்டிக்கிட்டு மண்டி போட்டாங்க. குலாம் பாய் கையை உள்ள விட்டு மடங்கியிருந்த இன்னொரு காலை நேராக்குனாரு. அர்பாப் ஒட்டகத்தோட கழுத்தைத் தடவிக்கிட்டே, காதுல ஏதோ அரபியில சொல்லிக்கிட்டே இருந்தாரு. காயத்ரி டார்ச்சை ஆடாமப் பிடிச்சிருந்தா. அவளோட இன்னொரு கை என் கையை நொறுக்கிக்கிட்டு இருந்துச்சு.

குட்டி வந்து விழுந்துச்சு. அசையல. குலாம் பாய் மூக்கைத் துடைச்சு, நெஞ்சைத் தேச்சு விட்டாரு. அப்புறம் அது தும்முச்சு.

அர்பாப் தலைத்துணியால முகத்தைத் துடைச்சுக்கிட்டாரு. வேர்வை மாதிரிதான் துடைச்சாரு. குளிர்காலம்.

எந்திரிச்சு வந்து என்னைக் கட்டிப் பிடிச்சாரு. "மதியத்துலேருந்து நாலு வண்டி தேடுது. நீ வந்த உடனே கண்டுபிடிச்சுட்ட. தெர்மல்லதானே பாத்த?"

நான் காயத்ரியைப் பாத்தேன். அவ குட்டியைப் பாத்துக்கிட்டு இருந்தா.

"ஆமா அர்பாப். தெர்மல்லதான் பாத்தேன்."

பொய் இல்லையே. பாத்தேன்தானே.

"மாஷா அல்லாஹ்" அப்படின்னு சொல்லி ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிச்சுக் குலுக்குனாரு. குலாம் பாயும் குலுக்குனாரு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் சோதனை. அடுத்த வாரம் அர்பாபோட தம்பியோட ஆடு ரெண்டைக் காணோம்னு என்னைக் கூப்பிட்டாங்க. அதுக்கடுத்து மச்சானோட வேட்டை நாய். போன வாரம் அவர் சித்தப்பா மணல்ல வண்டிச் சாவியைத் தொலைச்சுட்டாரு.

"அர்பாப், சாவிக்கு உடம்புச் சூடு கிடையாது" அப்படின்னேன்.

"நீ தேடுனா கிடைக்கும் சரவான். யல்லா, கிளம்பு."

இப்ப ஒவ்வொரு லீவு நாளும் பாலைவனத்துலதான் இருக்கேன். காயத்ரி வர்றதில்ல. தோழிகளோட வெளிய போய்ச் சாப்பிட்டுட்டு, போட்டோ அனுப்புறா.

தப்பாக் கிடைச்ச பாராட்டை வேண்டாம்னு சொல்ல ஒரு நிமிஷம்தான் டைம் இருக்கும்; அந்த நிமிஷத்துல நான் கை குலுக்கிக்கிட்டு இருந்தேன்.