மாடிவீட்டு பீருக்கு ஒரு தீர்ப்பு

பாட்டில் மேஜைமேல் இருந்தது. கண்ணாடிக் கடைக்காரருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஊறி என்ன பிரயோஜனம்? போன மாதம் மச்சான் வீட்டு விருந்தில் மனுஷன் கொஞ்சம் ஓவராகப் போய், மாமனார் என்று நினைத்துக் கோட்டு மாட்டும் கம்பத்தோடு ரொம்ப நேரம் குடும்ப விஷயம் பேசிவிட்டார். கம்பமும் பொறுமையாகக் கேட்டது. மறுநாள் நிஜ மாமனார் முன்னால், "இனி ஒரு சொட்டுகூடத் தொண்டையில இறங்காது" என்று சத்தியம் வாங்கிவிட்டாள் மனைவி. அன்றிலிருந்து அவர் வாழ்க்கை வெந்நீரும் பெருமூச்சுமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

பாட்டிலைக் கொண்டுவந்தவர் மாடிவீட்டு பிளம்பர். வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற பைத்தியம் அவருக்கு.

"அண்ணே, ஹாப்ஸ்னு ஒரு கசப்புப் பூ. அதை அள்ளி அள்ளிப் போட்டிருக்கேன். போதையும் தூக்கலா இருக்கும். இந்த ஒரு பாட்டில்தான் தேறிச்சு, மத்ததெல்லாம் வெடிச்சுப் போச்சு. நீங்கதான் பார்த்துத் தீர்ப்புச் சொல்லணும்."

கடைக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியாம்மா? இது குடிக்கிறது இல்ல, சுவை பார்க்கிறது. நீயும் ஆபீஸ்ல அதானே பண்றே?"

அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். மனைவிக்குத் தேயிலைக் கம்பெனியில் சுவை பார்க்கிற வேலை. நாள் முழுக்கக் கோப்பை கோப்பையாக உறிஞ்சுவாள். ஒரு வாய்கூட விழுங்கமாட்டாள்.

"தாராளமா பாருங்க," என்றவள் உள்ளே போய் ஒரு வாளியோடு வந்தாள்.

"வாளி எதுக்கு?"

"துப்புறதுக்கு."

மனைவி வாளியை அவர் காலடியில் வைத்தாள்.

"முதல்ல மோந்து பாருங்க."

மோந்தார். ஆரஞ்சுத் தோலும் அப்போதுதான் வெட்டிய புல்லும் கலந்த வாசனை. அழுகையே வந்துவிட்டது.

"சத்தமா உறிஞ்சுங்க. வாய்க்குள்ள நல்லாச் சுழட்டுங்க. ம், துப்புங்க."

துப்பினார். பெற்ற பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருகிற அப்பனின் முகம்.

"என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியல."

"அப்ப இன்னொரு வாய். துப்புங்க."

பாட்டில் பாதியாகிவிட்டது. இப்படியே போனால் அத்தனையும் வாளிக்குத்தான். பாவம், கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"ஏன் தம்பி, பீரோட கசப்பு தொண்டையில இறங்கினாத்தானே தெரியும்? நீயே சொல்லுப்பா."

"ஆமா அண்ணி. தேயிலை வேற, இது வேற. விழுங்காம மார்க் போட முடியாது."

மனைவி யோசித்தாள். கடைக்காரர் ஒரு டம்ளரைத் துடைத்து வைத்தார்.

"நியாயம்தான்," என்றாள். போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது. "யாராவது ஒருத்தர் விழுங்கித்தான் ஆகணும். சத்தியம் பண்ணினது நீங்க. நான் பண்ணலையே."

மீதியை டம்ளரில் ஊற்றி, கொஞ்சமும் அவசரப்படாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"முதல்ல ஆரஞ்சு. நடுவுல லேசாத் தேன். கசப்பு நல்லா நிக்குது, ஆனா நாக்கை வறட்டுது. பூவை இவ்வளவு நேரம் கொதிக்க விடாதீங்க தம்பி, இறக்குறப்ப போடுங்க."

பிளம்பர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். கடைக்காரர் வாளியைக் கழுவப் போனார்.

அடுத்த வாரம் அழைப்பு மணி அடித்தது. கடைக்காரர் விழுந்தடித்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். பிளம்பர் நின்றிருந்தார். இரண்டு கையிலும் பாட்டில். கடைக்காரர் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"அண்ணி வேலை முடிஞ்சு வந்துட்டாங்களா அண்ணே?"