கம்பு ஆன்ட்டியின் காய்கறி வின்ச்

டெல்லியில் கடல் கிடையாது என்ற செய்தி இன்னும் எட்டாத ஒரே ஆள் எங்கள் கம்பு ஆன்ட்டிதான். ஜனக்புரியில் எங்களுக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறார். தூத்துக்குடிக்காரர். முப்பது வருடம் தணிக்கை அலுவலகத்தில் மற்றவர்களின் தப்பைத் தோண்டி எடுத்தவர், ஓய்வு பெற்றதும் மிச்சமிருந்த கண்டிப்பை ஒரு பாய்மரப் படகின் மேல் இறக்கினார். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவதாகத் தண்ணீரும் வந்து உட்காரும் படகு. ஓக்லா பக்கம் யமுனையில் நிற்கிறது. அங்கே ஓடுவது நதியா, சோப்பு நுரையா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அவருக்கு இல்லை.

படகின் முன்பாய் காற்றில் சுருண்டு போகாமல் வெளியே தள்ளிப் பிடிக்க ஓர் அலுமினியக் கம்பு வேண்டுமாம். அதோடுதான் சனிக்கிழமைதோறும் மெட்ரோ ஏறுவார். வாசலில் சோதனை செய்பவர், கம்பைக் காட்டி, “யே க்யா ஹை, ஆன்ட்டி?” என்று ஒரே ஒரு முறை கேட்டார். பாய், காற்று, கோணம் எல்லாவற்றையும் தூத்துக்குடி இந்தியில் கேட்டு முடித்தபோது அவர் பின்னால் பாதி ஜனக்புரி வரிசையில் நின்றது. அடுத்த சனிக்கிழமை அவர் வேறு வாசலுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டதாகக் கேள்வி.

வாரம் ஒருநாள் போதாது, பழக்கம் விட்டுப்போகும் என்று வீட்டு பால்கனியிலும் ஒரு வின்ச் பூட்டினார். முன்பாயின் கயிற்றை இழுக்கும் உருளை அது. கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிக் கைப்பிடியைத் திருப்பினால், காற்றோடு மல்லுக்கு நிற்கும் பாயும் சொன்ன பேச்சு கேட்கும். பால்கனியில் பாய்க்கு எங்கே போவது? காய்கறிக்காரர் இருந்தார். எங்கள் தெருவில் மாடிக்காரர்கள் கயிற்றில் பை கட்டி இறக்கி, உருளைக்கிழங்கை மேலே இழுத்துக்கொள்வது வழக்கம். மற்றவர்கள் கையால் இழுப்பார்கள். ஆன்ட்டி பழைய கம்பு ஒன்றை வெளியே நீட்டி, நுனியில் கப்பி மாட்டி, நீல பிளாஸ்டிக் டப்பைத் தொங்கவிட்டார். கீழிருந்து காய்கறிக்காரர் கயிற்றை இரண்டு முறை சுண்டினால் இழுப்பார். அதற்கு முன் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். வெண்டைக்காய்க்கு!

உதவப் போன என் மனைவி ஒருநாள் கயிற்றை இடமாகச் சுற்றிவிட்டாள். அரை மணி நேரம் தணிக்கை நடந்தது. “வலமா மூணு சுத்து. சுத்திட்டா பாரமே தெரியாது பாத்துக்கிடுங்க. பூ மாதிரி வரும்” என்றார் ஆன்ட்டி. இழுக்கும்போது கீழே பார்க்கவும் மாட்டார். கம்பு நுனியைப் பார்த்தால் போதுமாம்.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு காலை, என் ஆறு வயது மகள் மித்ராவைக் கொத்தமல்லி வாங்கக் கீழே அனுப்பிவிட்டு, முதல் மாடி பால்கனியிலிருந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலையில் குல்லாய் இல்லை. எடுத்து வர உள்ளே போனேன். திரும்பி வந்தபோது மகள் என் கண்ணுக்கு நேரே, அந்தரத்தில், டப்புக்குள் ஒரு காலிஃபிளவரோடு உட்கார்ந்திருந்தாள். கயிற்றை இரண்டு முறை சுண்டியவள் அவளேதான்.

“அப்பா, தேகோ, நான் ஆலூ” என்றாள். உருளைக்கிழங்காம்!

கத்திக்கொண்டே எட்டி டப்பைப் பிடித்தேன். அது ஆடியது. கம்பு வில்லாக வளைந்தது. பாயைத் தள்ளிப் பிடிக்கச் செய்த கம்பு, பிள்ளையைத் தூக்கச் செய்ததில்லை. நுனி தாழ்வதைக் கண்ட ஆன்ட்டி முதல் முறையாகக் கீழே பார்த்தார்.

“தம்பி, கைய எடுங்க.”

“ஆன்ட்டி, குழந்தை...”

“தெரியுது. நீங்க ஆட்டுனா கம்பு ஒடிஞ்சிரும். கீழ போய் நில்லுங்க.” பிறகு மித்ராவிடம், “ஏட்டி, ஆலூ எங்கயாவது பேசுமா? கைய உள்ள வச்சிக்கிட்டு சும்மா இரி” என்றார்.

படியில் இறங்கினேனா, உருண்டேனா தெரியாது. கையில் குல்லாயோடு அண்ணாந்து நின்றேன். உருளையில் சுற்றிய கயிற்றை ஆன்ட்டி உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கவிட்டார். பாதி வழியில் கம்பு படாரென்று முறிந்தது. டப் ஒரு முழம் விழுந்து, நின்றது. பிறகு மறுபடி மெதுவாக இறங்கியது. காய்கறிக்காரர் மித்ராவைத் தூக்கி என்னிடம் கொடுத்து, இது தன் சரக்கு இல்லை என்று இந்தியில் தெளிவுபடுத்தினார்.

குடியிருப்போர் சங்கத்துக்கு மூன்று பக்கம் புகார் எழுதினேன். நாற்காலி கோணலாக இருந்தாலே வாதாடும் ஆன்ட்டி, கூட்டத்தில் சால்வைக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “தம்பி எழுதுனதுல பிழை ஒண்ணும் இல்ல” என்று மட்டும் சொல்லி, வின்சைக் கழற்றுவதாக இடது கையால் கையெழுத்துப் போட்டார். கையெழுத்திலும் அலை அடிக்கிறது என்று வீட்டில் வந்து சிரித்தேன்.

கழற்றினாரா என்று சரிபார்க்க மறுநாள் மேலே போனேன். என்னால் அப்படிச் சும்மா இருக்க முடியாது. ஆன்ட்டி இடது கையால் ஸ்பேனரோடு போராடிக்கொண்டிருந்தார். வலது உள்ளங்கையில், கட்டைவிரல் அடியிலிருந்து சுண்டுவிரல் வரை, கயிறு உழுத கோடு. தோலே இல்லை. அந்த ஒரு முழத்தில் டப் எங்கே நின்றது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஸ்பேனரை வாங்கினேன். இரண்டு திருப்பு திருப்புவதற்குள், “அப்படிப் பிடிக்கக் கூடாது” என்றார்.

கயிற்றைக் கண்டால் நான் இன்றும் ஓரடி தள்ளித்தான் நிற்கிறேன். ஆனால் சனிக்கிழமைகளில் புதுக் கம்பை மெட்ரோவில் தூக்கிப் போவது நான்தான். சோதனை வாசலில் முன்பாயைப் பற்றி விளக்குவதும் நான்தான். கை ஆறிவிட்டது, கொடுங்க என்று ஆன்ட்டி ஒவ்வொரு வாரமும் சொல்கிறார். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.